கை மாறாத தூண்டில்

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியலை தம்பி. சொல்லிக் குடுங்க."

செண்பகவடிவு இப்படிக் கேட்டபோது மிராண்டா படகுத்துறையில் உட்கார்ந்து ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும் யக்கா."

"தெரிஞ்சா நான் ஏன் காலங்காத்தால பஸ் ஏறி வாறேன்?"

"போன தடவை ஒரு பாறை மீனு மாட்டிச்சே. யாரு தூண்டில்ல?"

"என் தூண்டில்ல."

"அதுக்கு முந்தி ஒரு சீலா?"

"அதுவும் என் தூண்டில்லதான். ஆனா பிடிச்சது எங்க வீட்டுக்காரரு."

"அப்போ மீனுக்குத் தெரிஞ்சிருக்கு, யார்கிட்ட வரணும்னு" என்றார் மிராண்டா. மறுபடி ரீலைத் திருப்பி எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்.

மனுஷன் அப்படித்தான். சேர்ந்தாப்பில் நாலு வார்த்தை பேசினால் வாய் வலிக்கும் அவருக்கு. ஆனால் தூத்துக்குடியில் தூண்டில் படகு என்று கேட்டால் மிராண்டாவைத்தான் கை காட்டுவார்கள். வெளியூர்க்காரர்களை ஆழ்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கையில் கம்பும் ரீலும் கொடுத்து மீனோடு மல்லுக்கட்ட விடுவார். பொழுது சாயும் முன்னால் கரை சேர்ப்பார். அதுதான் அவர் தொழில்.

வலைக்காரர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். காசைக் கொடுத்துக் கடலுக்குப் போகிறான், மீனைப் பிடிக்கிறான், போட்டோ எடுக்கிறான், திரும்பக் கடலிலேயே விடுகிறான். இவனையெல்லாம் என்ன செய்ய?

வடிவு கோவில்பட்டிக்காரி. மிராண்டாவைவிட வயதில் மூத்தவள். அவள் வீட்டுக்காரர் அய்யாத்துரை அங்கே தண்ணி மோட்டார் கடை வைத்திருந்தார். சிநேகிதர்களோடு ஒருநாள் விளையாட்டாக வந்து தூண்டில் போட்ட மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அப்புறம் மாசம் தவறாமல் வடிவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

நல்ல மனுஷன். சும்மா குறை சொல்லக் கூடாது. அவளுக்கும் ஒரு கம்பு வாங்கித் தந்தார். வெயிலுக்குத் தொப்பி வாங்கித் தந்தார். வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம் கொண்டு வருவார், அதை அவரே கீறியும் கொடுப்பார்.

அவள் தூண்டிலில் மீன் கடித்தால் மட்டும், "குடு வடிவு, குடு குடு" என்று ஓடி வந்துவிடுவார்.

அவளும் கொடுத்துவிடுவாள்.

"தம்பி, எண்ணெய அப்புறம் போடலாம். நான் சொல்றதக் கேளுங்க" என்றாள் வடிவு.

மிராண்டா ரீலை மடியில் வைத்தார்.

"தையல் கடை வச்சேன். நல்லா ஓடுச்சு. ஓட ஆரம்பிச்சதும் கொழுந்தன் வந்து கல்லாவுல உக்காந்துக்கிட்டாரு. கார் ஓட்டப் படிச்சேன். எதுக்க ஒரு லாரி வந்தாப் போதும், இவரு எட்டி ஸ்டியரிங்கப் பிடிச்சிருவாரு. மகளுக்கு மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிச்சது நான். பேசி முடிச்சது என் மாமியா. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒண்ணக்கூட நான் முழுசா முடிச்சதில்ல. தொடங்குறது நான், முடிக்கிறது வேற ஆளு."

"ம்."

"எனக்கு ஒரே ஒரு மீனு வேணும். கொக்கி விழுந்ததுலருந்து உங்க போட்டு ஓரம் வர்ற வரைக்கும் நான் மட்டும். வேற யாரும் இல்ல. அடுத்த மாசம் கோயமுத்தூருக்குப் போறோம், மக வீட்டோட. மோட்டார் கடைய வித்தாச்சு. அங்க எங்க கடலுக்குப் போக?"

மிராண்டா கடலைப் பார்த்தார். கடல் சும்மா கிடந்தது.

"உங்க போட்டுல ஒரு சட்டம் உண்டே" என்றாள் வடிவு. குரல் மாறிவிட்டது.

அந்தச் சட்டம் மிராண்டா கண்டுபிடித்தது இல்லை. விளையாட்டுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் மத்தியில் உள்ள வழக்கம்தான். மீன் கடிக்கும்போது கம்பு யார் கையில் இருந்ததோ, மீன் படகோரம் வருகிறவரை அவர் கையில்தான் இருக்கணும். நடுவில் இன்னொரு ஆள் விரல் பட்டாலும் அந்த மீன் யார் கணக்கிலும் சேராது.

"கிளம்பும்போது எல்லார்ட்டயும் அதச் சொல்றீங்க. அவரு என் கம்ப வாங்குனப்போ நீங்களும் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? ஒரு தடவையாவது வாயத் தொறந்தீங்களா?"

மிராண்டா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எழுந்தார். படகுக்குள் போய் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்.

"பிடிங்க."

பிடித்தாள்.

மிராண்டா வலது கையை நீட்டினார். "குடுங்க."

கொடுத்தாள்.

"போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வடிவு பஸ்ஸில் ஊர் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் வந்தாள். வராமல் எங்கே போவாள், ஆசை இருக்கிறதே.

"பிடிங்க."

பிடித்தாள். இந்தத் தடவை இரண்டு கையாலும்.

"குடுங்க."

கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க."

படகில் கூடவே இருக்கும் சூசை முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மிராண்டாவைவிட மோசம், வாயே திறக்க மாட்டார். அந்த ஆள் சிரித்தார்.

"என்னய்யா சிரிப்பு?" என்றாள் வடிவு.

சூசை கயிறு சுருட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தாள். கம்பைக் கையில் கொடுக்கிறார், வாங்கிக்கொள்கிறார். பிடி போதவில்லை என்கிறார் போல. கையில் பலம் இல்லை என்று நாசூக்காகச் சொல்கிறார். அப்படித்தான் இருக்கணும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, ஒரு வாளியில் பாதிக்கு மண்ணைப் போட்டு, தூண்டில் நரம்பில் கட்டித் தெருவில் இறக்கினாள். இடுப்பில் பெல்ட்டு, பெல்ட்டில் கம்பு. சுற்றிச் சுற்றி வாளியை மேலே ஏற்றினாள். இறக்கினாள், ஏற்றினாள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்னக்கா, மேலருந்து மீன் பிடிக்கிறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"ஆமா. உன்னத்தான் பிடிக்கப் போறேன், வாயத் தொற."

கை வீங்கியது. தோள் எரிந்தது. விடவில்லை. தினமும் அரை வாளி என்பது முழு வாளி ஆனது.

ஒரு நாள் அய்யாத்துரை மாடிக்கு வந்தார். வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு முழு வாளியைப் பாதித் தூரம் ஏற்றியிருந்தாள்.

"என்ன வடிவு இப்படி வேர்த்துக் கொட்டுது. குடு, நான் தூக்குறேன்."

கொடுத்தாள்.

அய்யாத்துரை மிச்சப் பாதியைச் சுற்றி வாளியை மேலே கொண்டு வந்து வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா, இவ்வளவுதான்."

அடுத்த வாரம் படகுத்துறைக்குப் போனதும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டு மிராண்டாவிடம் கையை மடக்கிக் காட்டினாள்.

"பாருங்க. கல்லு மாதிரி."

"நல்ல கை" என்றார் மிராண்டா. கம்பைக் கொடுத்தார். கையை நீட்டினார். "குடுங்க."

கொடுத்தாள்.

அவளுக்கு வந்ததே கோபம்.

"என்ன தம்பி நினைச்சுக்கிட்டிருக்கீங்க? வேலைவெட்டி இல்லாமலா வாறேன்? கம்பத் தாறீங்க, கேக்குறீங்க, குடுக்கேன். ஒருத்தர் கேட்டா எப்படிக் குடுக்காம இருக்கிறது?"

"அதான" என்றார் மிராண்டா.

வடிவு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ரீலை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யாத்துரையும் வடிவும் வழக்கம்போல் படகேறினார்கள். காற்று அவ்வளவாக இல்லை. தீவுகளைத் தாண்டி, தண்ணி நிறம் கறுத்த இடத்தில் மிராண்டா இன்ஜினைக் குறைத்தார். சூசை தூண்டில்களை இறக்கினார்.

வடிவு கம்புதான் முதலில் வளைந்தது.

அவளுக்கு ஒரே சந்தோஷம். மாடியில் தூக்கிய வாளியெல்லாம் இப்போது கைக்கு வந்து நின்றது. இழுத்தாள், சுற்றினாள், மறுபடி இழுத்தாள். மீன் கீழே போகப் பார்த்தது, விடவில்லை. நல்ல கை என்று மிராண்டா சும்மா சொல்லவில்லை.

"பாறை மாதிரி தெரியுது. குடு வடிவு, குடு குடு" என்று அய்யாத்துரை ஓடி வந்தார்.

கொடுத்துவிட்டாள். கை வெறுமையான பிறகுதான் கொடுத்ததே அவளுக்குத் தெரிந்தது.

அய்யாத்துரை மீனை இழுத்துப் போட்டார். பாறைதான். தூக்க இரண்டு கை வேண்டும். வெள்ளிப் பாளம், வால் படகுத் தரையில் படபடவென்று அடித்தது.

"எடுங்கய்யா போட்டோவ" என்று தொப்பியைச் சரி செய்தார்.

மிராண்டா வந்தார். மீன் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றினார். இரண்டு கையாலும் தூக்கினார். கடலில் விட்டார். பாறை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுக் கீழே போய்விட்டது.

அய்யாத்துரை விளிம்புக்கு ஓடிக் கடலை எட்டிப் பார்த்தார்.

"யோவ், என்னய்யா செய்றீரு?"

"கணக்குல சேராது அண்ணாச்சி."

"ஏன் சேராது?"

"கடிச்சது யக்கா கையில. வந்தது உங்க கையில."

"புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னய்யா உன் கை என் கை?"

"போட்டுல உண்டு."

"இத்தன நாளும் இல்லாத சட்டம் இன்னைக்கு எங்கருந்து வந்துச்சு?"

"இத்தன நாளும் நான் சொல்லாம இருந்தது தப்பு அண்ணாச்சி. இன்னைக்குச் சொல்றேன்."

"நான் வேற போட்டுக்குப் போறேன்."

"தாராளமாப் போங்க."

அய்யாத்துரை அணியத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சூசை ஒரு டம்ளர் கட்டஞ்சாயா கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தார். அதைத் தொடவில்லை.

வடிவு மிராண்டாவிடம் வந்தாள். அவர் சுக்கான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என் மீனத் தூக்கிக் கடல்ல போட்டுட்டீங்களே."

"எது உங்க மீனு?"

"அந்தப் பாறை."

"அது உங்க மீனா?"

வடிவு அணியத்தில் இருந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு பிடுங்குனாரா யக்கா?"

"இல்ல. கேட்டாரு."

"நீங்க?"

அவள் கண் நிறைந்துவிட்டது. வருத்தம் இல்லை அது, ஆத்திரம். மிராண்டா மேல், வீட்டுக்காரர் மேல், எல்லாரையும்விட அதிகமாகத் தன்னுடைய இரண்டு கை மேல். கரை வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கைகளை மடியில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் ஒரு வாரம் அய்யாத்துரை மிராண்டாவைத் திட்டித் தீர்த்தார். சாமான்களைக் கட்டும்போதும் திட்டினார், சாப்பிடும்போதும் திட்டினார். வடிவு கேட்டுக்கொண்டே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கினாள்.

"கடைசியா ஒரு தடவை போயிட்டு வருவோம்" என்றாள் ஒருநாள்.

"அவன் போட்டுலயா? செத்தாலும் வர மாட்டேன்."

"சரி. நான் போறேன்."

அய்யாத்துரை சாப்பாட்டில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "தனியாவா?"

"போட்டுல ரெண்டு பேரு இருக்காங்களே."

அவர் வந்தார். வராமல் இருக்க முடியுமா அவரால்? எலுமிச்சம்பழமும் கொண்டு வந்தார். மிராண்டாவிடம் மட்டும் பேசவில்லை. மிராண்டாவும் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அன்றைக்குக் கடல் கொஞ்சம் எழும்பித்தான் இருந்தது. வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. வெயில் ஏறியது. அய்யாத்துரை தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனார்.

திடீரென்று வடிவின் ரீல் அலறியது.

நரம்பு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து மிராண்டாவே திரும்பினார். வடிவு கம்பை எடுத்து இடுப்புப் பெல்ட்டில் ஊன்றினாள். நரம்பு இன்னும் ஓடியது. படகுக்கு வெகு பின்னால் கடல் பிளந்துகொண்டு ஒரு மீன் எழும்பியது. நீலமும் கறுப்புமாக ஒரு ஆள் உயரத்துக்கு மேல். முதுகுச் செட்டையை மயில் தோகை விரிப்பது போல் விரித்து, வாளாட்டம் நீண்ட மூக்கை உதறிவிட்டு விழுந்தது.

"மயில்மீனு" என்றார் சூசை. அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை.

அய்யாத்துரை எழுந்து ஓடி வந்தார். "குடு வடிவு, குடு குடு."

வடிவின் இடது கை கம்பை விட்டது. பழகின கை. பாதித் தூரம் போய்விட்டது. யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பது போல அதை ஒரு பார்வை பார்த்தாள். திருப்பிக் கொண்டுவந்து கம்பிலேயே வைத்தாள்.

"மாட்டேன்."

காற்றுச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தார் அய்யாத்துரை. "என்னது?"

"மாட்டேன்னு சொன்னேன்."

"விளையாடாத வடிவு. மீன் எவ்வளவு பெருசுன்னு பாத்தேல்ல?"

"பாத்தேன். நீங்க உக்காருங்க."

அய்யாத்துரைக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

மீன் இழுத்தது. வடிவு நின்றாள். மீன் நின்றபோது சுற்றினாள். சுற்றின நரம்பையெல்லாம் மீன் ஒரே இழுப்பில் திரும்ப வாங்கிக்கொண்டு போனது. மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. விரல் இடுக்கில் தோல் உரிந்து ரத்தம் கம்பில் இறங்கியது.

அய்யாத்துரையால் அதைப் பார்க்க முடியவில்லை.

"சொன்னாக் கேளு. ரத்தம் வருது பாரு. நான் பிடுங்கிக்கிடல. கொஞ்ச நேரம் பிடிச்சிட்டு உங்கிட்டயே குடுத்துருறேன்."

"தண்ணி குடுங்க" என்றாள் வடிவு.

பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தார். கம்பில் படக் கூடாதே என்று உடம்பை வளைத்துத் தள்ளி நின்றுகொண்டே ஊட்டினார். பாதித் தண்ணி அவள் கழுத்தில் போனது. அவள் குடித்தாள், தலையை ஆட்டினாள், மறுபடி சுற்றினாள்.

மீன் பக்கத்தில் வந்துவிட்டது. தண்ணிக்குள் அதன் நீலம் தெரிந்தது. படகைப் பார்த்ததும் மிரண்டு நேரே படகுக்கு அடியில் பாய்ந்தது.

மிராண்டா சுக்கானைச் சூசையிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். வலது கையை நீட்டினார்.

"குடுங்க யக்கா."

துறையில் நீட்டின கைதான். ஆனால் இப்போது குரல் வேறு. இது பாடம் இல்லை. இவ்வளவு பெரிய மயில்மீன் அவர் படகில் இதுவரை மாட்டியதே இல்லை. பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த கை அது, சும்மா இருக்குமா? விரலெல்லாம் துடித்தது.

"நரம்பு அடியில போயிருச்சு. இன்ஜின் விசிறியில பட்டா அறுந்துரும். ஒரு நிமிசம் குடுங்க, சுத்தி வெளிய எடுத்துட்டு உங்ககிட்டயே தந்துருறேன்."

வடிவு அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"கேப்டன், போய் உங்க வேலையப் பாருங்க. போட்ட முன்னால எடுங்க."

"அறுந்துரும் யக்கா."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. கைய எடுங்க."

மிராண்டா எடுத்தார். போனார். சூசை நகர்ந்துகொள்ள, சுக்கானைப் பிடித்து இன்ஜினைக் கூட்டினார்.

வடிவு படகின் விளிம்பில் வயிற்றைப் பதித்துக் குனிந்து, கம்பின் நுனியைத் தண்ணிக்குள் ரீல் வரைக்கும் முக்கினாள். நரம்பு விசிறியில் படாமல் இருக்க இப்படிச் செய்யணும் என்று மற்றவர்களுக்கு மிராண்டா சொல்லிக் கேட்டிருக்கிறாள், செய்தது கிடையாது. நுனியை முக்கியபடியே விளிம்பைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். அலை முகத்தில் அடித்தது. அய்யாத்துரை கண்ணை மூடிக்கொண்டார்.

படகு முன்னால் போனது. நரம்பு மறுபக்கம் வெளியே வந்தது. அறவில்லை.

அவள் நிமிர்ந்து கம்பை ஊன்றியபோது மீன் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. இன்னும் நாலு சுற்று. சூசை கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

மீன் கடைசியாக ஒரு தடவை துள்ளியது.

"தாழ்த்துங்க" என்று மிராண்டா கத்தினார். மீன் துள்ளும்போது கம்பைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் அது உதறுகிற உதறலில் கொக்கி நிற்காது.

வடிவு பயத்தில் இழுத்துவிட்டாள்.

கொக்கி காற்றில் பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. கம்பு நிமிர்ந்துவிட்டது. மயில்மீன் ஒரு நொடி மேலேயே கிடந்தது, தனக்கு விடுதலை என்பதே புரியாத மாதிரி. அப்புறம் போய்விட்டது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மிராண்டா அதை நிறுத்தினார்.

"குடுத்திருந்தா வந்திருக்கும் யக்கா" என்றார்.

"வந்திருக்கும்" என்றாள் வடிவு. "உங்களுக்கு வந்திருக்கும்."

மிராண்டா தலையைக் குனிந்துகொண்டார்.

"துள்ளும்போது கம்பத் தாழ்த்தியிருக்கணும். நான் இழுத்துட்டேன்."

"ஆமா."

"அவரு இழுக்கல. நீங்க இழுக்கல. நான்தான் இழுத்தேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கம்பை மட்டும் கீழே வைக்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லருந்து இப்பதான் ஒண்ண முழுசா நானே விட்டிருக்கேன் கேப்டன்."

மிராண்டா பெட்டியைத் திறந்து ஒரு புதுக் கொக்கியை எடுத்தார். கட்டித் தரலாம் என்று கிட்ட வந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு, கொக்கியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு விலகி நின்றார். அவள் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரத்தம் பட்ட விரலால் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். முதல் முடிச்சு நழுவியது. மறுபடி போட்டாள்.

அய்யாத்துரை பக்கத்தில் வந்து நின்றார். பையிலிருந்து கையை எடுத்தார். அவள் தோளைத் தொடலாமா வேண்டாமா என்று பார்த்தார்.

"சரி விடு வடிவு. கையெல்லாம் புண்ணாப் போச்சு. இன்னொரு நாள் வந்து பாத்துக்கிடலாம்" என்றார். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. "அடடா, அடுத்த வாரம் நம்ம கோயமுத்தூர்ல இருப்போமே."

வடிவு முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"நீங்க போங்க. நான் மீனப் பிடிச்சிட்டு வாறேன்."